டெக்சஸின் ஒதுக்குப்புறக் கவுண்டியில் ஒருவரின் குற்றப் பதிவைத் தேட எது நல்ல வழி?

டெக்சஸின் மேற்குக் கோடியில், ப்ரூஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), டெர்லிங்குவா பக்கம் என் நண்பர் ஒருவர் கொஞ்சம் நிலமும் அதில் ஒரு சின்ன வீடும் வாங்கினார். ஹூஸ்டனிலிருந்து காரில் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். அதனால் அங்கேயே தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார், பேசிப் பார்த்ததில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆனாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் நண்பரின் மனைவி. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கணினியில் பார்த்துவிடலாம். டெக்சஸில் மொத்தம் 254 கவுண்டிகள். எல்லாவற்றின் கிரிமினல் வழக்குகளையும் ஒரே இடத்தில் இலவசமாகத் தேடித் தரும் நீதிமன்றத் தளம் இந்த மாநிலத்தில் இல்லை. விஸ்கான்சினில் 72 கவுண்டிகளின் வழக்குகளையும் ஒரே தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இங்கே ஒவ்வொரு கவுண்டியும் தனக்குப் பிடித்த மென்பொருளை வாங்கி வைத்திருக்கிறது. சில கவுண்டிகள் சில வருஷத்து வழக்குகளை மட்டும் இணையத்தில் ஏற்றியிருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ரீசர்ச் டி.எக்ஸ். என்று நீதிமன்ற நிர்வாகமே நடத்தும் தளம் ஒன்று உண்டு. ஆனால் அது மின்வழியில் தாக்கலான ஆவணங்களை வைத்து உருவானது. சிவில் வழக்குகளுக்குக் கைகொடுக்கும் அளவுக்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய அடிதடி வழக்கைத் தேட அது உதவாது.

ஆகவே வழிகள் பல இருந்தாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைத்தான் சொல்லும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஏதோ ஒரு தளத்தில் பெயரைத் தட்டி, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வந்ததும் ஆள் சுத்தம் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய பேர். அதைவிட மோசம், ஏதோ ஒன்று கிடைத்ததும் அது அவர்தான் என்று நம்பிவிடுவது.

முதலில் எந்த வழக்கு எங்கே கிடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். டெக்சஸில் பெரிய குற்றங்களை ஃபெலனி என்பார்கள். கொள்ளை, பெரிய அளவில் போதைப்பொருள், கொடுங்காயத் தாக்குதல் போன்றவை. இவை டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகும், காகிதங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்ற பதிவு அலுவலரிடம் இருக்கும். அடுத்த படி மிஸ்டிமீனர், அதாவது சிறிய குற்றங்கள். அதில் ஏ, பி வகுப்புகள் கவுண்டி கோர்ட்டுக்குப் போகும், கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் அது பி வகுப்பு, 180 நாள் வரை சிறைக்கு வழி உண்டு. சி வகுப்பில் சிறை கிடையாது, 500 டாலர் வரை அபராதம்தான். நூறு டாலருக்குக் குறைந்த திருட்டு, பொது இடத்தில் போதையில் கிடப்பது எல்லாம் இதில் அடக்கம். இவை ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்கிற சின்ன நீதிமன்றத்திலோ நகர நீதிமன்றத்திலோ முடிந்துவிடும்.

ஒரே மனிதரின் கதை மூன்று மேஜைகளில் பிரிந்து கிடக்கலாம். கிராமப்புறத்தில் இதில் ஒரு சௌகரியம் உண்டு. 8,000 பேருக்குக் குறைவாக இருக்கும் கவுண்டியில் இரண்டு கிளார்க் வேலையையும் ஒரே ஆள் பார்க்கலாம் என்று மாநில அரசியலமைப்பே அனுமதிக்கிறது. ஜெஃப் டேவிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 1,996 பேர்தான். அங்கே ஒரே அலுவலகத்தில் கேட்டால் போதும். ப்ரூஸ்டரில் 9,546 பேர், அதனால் அங்கே இரண்டு கிளார்க்குகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தை விடப் பெரிய பரப்பு, ஆனால் ஜனத்தொகை நம்மூரில் ஒரு பெரிய ஊராட்சி அளவு!

கிளார்க் அலுவலகம்தான் என் முதல் தேர்வு. காரணம் எளிது. மற்ற எல்லா இடத்திலும் இருப்பது நகல், அல்லது நகலின் நகல். மூல ஆவணம் இருப்பது இங்கேதான். குற்றச்சாட்டு என்ன, பிறகு அது குறைக்கப்பட்டதா, தள்ளுபடியானதா, ஒப்புக்கொண்டாரா, தண்டனையை முடித்தாரா, எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். கட்டணமும் அதிகமில்லை. பெயரை வைத்துத் தேடிக் கொடுக்கப் பெரும்பாலும் 5 டாலர், நகலுக்குப் பக்கத்துக்கு ஒரு டாலர். ப்ரூஸ்டரின் தலைநகரான ஆல்பைனுக்கு நேரில் போனால் பொதுமக்களுக்கான அட்டவணையை நீங்களே பார்க்கலாம். போக முடியாதவர்கள் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, எழுத்தில் கோரிக்கை அனுப்பலாம்.

கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "இவர் மேல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முழுப் பெயர், பிறந்த தேதி, இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை, ஃபெலனியும் மிஸ்டிமீனரும் இரண்டுமே, என்று எழுத வேண்டும். ரொம்பப் பழையது வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணினிக்கு ஏறாத பழைய பதிவேடுகளும் மைக்ரோஃபிலிமும் தனியாக இருக்கும், சொல்லாவிட்டால் அங்கே தேட மாட்டார்கள். வழக்கு எண் கிடைத்ததும் தீர்ப்பின் நகலை மட்டுமாவது வாங்கிவிடுங்கள். அட்டவணையில் ஒரு வரிதான் இருக்கும், அதை வைத்து ஆள் இவர்தான் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. கிளார்க் உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆனால் மூன்று பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மரியாதையாகப் பேசினால், "இந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பிறந்த தேதியைச் சரிபாருங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். எந்தத் தளமும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கிளார்க் வழியின் பெரிய குறை, அது அந்த ஒரு கவுண்டியோடு நின்றுவிடும். பதிவு என்பது சம்பவம் நடந்த இடத்தில் இருக்கும், ஆள் குடியிருக்கும் இடத்தில் அல்ல. ஹட்ஸ்பெத் கவுண்டியில் சியெரா ப்ளாங்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை 10-இல் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே கஞ்சாவோடு பிடிபட்டவர்களில் எங்கெங்கோ இருந்து வந்த பயணிகளும் உண்டு, ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யும் புகழ்பெற்ற பாடகர்களும் உண்டு. அவர்கள் வீடு இருக்கும் கவுண்டியில் தேடினால் அந்த வழக்கு தெரியாது. அதனால் ஆள் முன்பு எங்கெங்கே குடியிருந்தார், எங்கே வேலை பார்த்தார் என்று முதலில் அவரிடமே கேட்டுப் பட்டியல் எடுத்துக்கொள்ள வேண்டும். ப்ரூஸ்டர், கல்பெர்சன், ஹட்ஸ்பெத், ஜெஃப் டேவிஸ், ப்ரெசிடியோ ஆகிய ஐந்து கவுண்டிகளுக்கும் 394-ஆவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்று ஒரே நீதிமன்றம்தான், நீதிபதி ஊர் ஊராகப் போவார். ஆனால் கோப்புகள் ஒரே இடத்தில் இல்லை, அந்தந்தக் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே இருக்கும். இது தெரியாமல் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு ஐந்தும் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தக் குறையை ஓரளவு அடைப்பது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, அதாவது டி.பி.எஸ்., வைத்திருக்கும் குற்ற வரலாற்றுத் தொகுப்பு. கணக்குத் தொடங்கிப் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் ஒரு தேடலுக்கு ஒரு டாலர் அளவில் மாநிலம் முழுவதும் பார்த்துவிடலாம். காசுக்குக் கிடைக்கும் பரப்பு என்று பார்த்தால் இதை அடிக்க வேறு வழியில்லை. பொதுமக்களுக்கு இது காட்டுவது தண்டனையான வழக்குகளையும் டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் என்கிற தீர்ப்புகளையும்தான். இரண்டாவது என்னவென்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டவரை நீதிபதி குற்றவாளி என்று அறிவிக்காமல் கண்காணிப்பில் விடுவார். அதை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு இல்லை, ஆனாலும் தனியாக ஒரு மறைப்பு உத்தரவு வாங்கும் வரை பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும். படிக்கிறவர்கள் வித்தியாசம் தெரியாமல் பயந்துபோகிறார்கள்.

டி.பி.எஸ். தொகுப்பில் ஓட்டை எங்கே வரும் என்றால், தகவல் வரும் பாதையில். கைதின்போது கைரேகை எடுக்கும்போதுதான் பதிவு பிறக்கிறது, ஒரு கண்காணிப்பு எண்ணும் கிடைக்கிறது. பிறகு அரசு வழக்கறிஞர் என்ன செய்தார், நீதிமன்றம் என்ன சொன்னது என்பதெல்லாம் அந்த எண்ணோடு வந்து ஒட்ட வேண்டும். வழக்கு முடிந்து 30 நாளுக்குள் முடிவை அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கைரேகை எடுக்காமல் நோட்டீஸ் கொடுத்து நீதிமன்றத்துக்கு வரச்சொன்ன வழக்கென்றால் ஒட்டுவதற்கு எண்ணே இருக்காது. முடிவு வந்து சேராத வழக்கு பொதுத் தேடலில் தண்டனையாகத் தெரியாது. ஆக டி.பி.எஸ். "இல்லை" என்று சொன்னால் அதை முக்கால்வாசி இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஆள் வாழ்ந்த கவுண்டிகளில் மட்டும் கிளார்க்கிடம் உறுதி செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். இப்போது சிறையில் யார் இருக்கிறார், நேற்று யாரைப் பிடித்தார்கள் என்பதற்கு அது சரியான இடம். ஆனால் ஷெரிஃப் சொல்வது கைதைப் பற்றி, அந்தக் கைது என்ன ஆனது என்பதைப் பற்றி அல்ல. தேவையென்றால் டெக்சஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். யாரை, எங்கே, எதற்காகக் கைது செய்தார்கள் என்ற அடிப்படை விவரத்தை விசாரணை நடக்கும்போதுகூட மறைக்கக் கூடாது. மற்றதைத் தர மறுக்க நினைத்தால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் கேட்டாக வேண்டும். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சட்டம் நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது. கிளார்க்கிடம் போய் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசினால் நேரம்தான் வீணாகும், வழக்குக் கோப்பு வேறு விதியின்படி ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது.

மாநிலச் சிறைத்துறையின் கைதி தேடல் இலவசம். ஆனால் இப்போது உள்ளே இருப்பவர்களைத்தான் காட்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேடும் இலவசம். குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் இதை முதல் நிமிஷமே பார்த்துவிட வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எல்லைப் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியது கூட்டாட்சி நீதிமன்றம். மற்ற கிராமப்புறங்களில் இதை நான் கடைசியில் வைப்பேன். ப்ரூஸ்டரில் மேலே கொண்டுவர வேண்டும். மெக்சிகோ எல்லை இங்கே ரியோ கிராண்டே ஆறாகவே ஓடுகிறது. 8 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த பிக் பெண்ட் தேசியப் பூங்கா பெரும்பாலும் கூட்டாட்சி நிலம். கடத்தல், எல்லை தாண்டல், பூங்காவுக்குள் நடக்கும் குற்றம் எல்லாம் டெக்சஸ் மேற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு ஆல்பைனிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம் ஒரு வரிகூட இருக்காது. டி.பி.எஸ். தொகுப்பை நம்பியும் இதை விட்டுவிடக் கூடாது. பேசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கித் தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் ஒன்றுமே கட்ட வேண்டாம். ஓரிருவரைத் தேடுகிறவருக்கு இது நடைமுறையில் இலவசம்.

இனி எல்லாரும் முதலில் விழும் குழி, காசு வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் "முழு அறிக்கை" தரும் ஆள்தேடும் தளங்கள். நானும் விழுந்தேன். அவசரத்தில் ஒரு தளத்துக்குப் பணம் கட்டினேன். எங்கள் ஆளின் பெயரில் குடித்து வண்டி ஓட்டியதாக இரண்டு வழக்குகள் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நண்பர் வீட்டில் அன்று ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிறகு கிளார்க்கிடமிருந்து வந்த நகலைப் பார்த்தால் பிறந்த வருஷத்தில் ஒன்பது வருஷ வித்தியாசம். இரண்டாவது குடும்பப் பெயரும் வேறு. எல்லையோரத்தில் பலருக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். அந்தத் தளம் இரண்டாவதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பொருத்தியிருக்கிறது. நம் பெயர்களுக்கும் இதே கதிதான். இனிஷியலை விரித்தால் ஒரு ஆள், சுருக்கினால் வேறு ஆள், அப்பா பெயர் குடும்பப் பெயராகி நிற்கும். நாளை நம் பிள்ளைகள் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது இப்படி ஒரு சிவப்பு எழுத்து அவர்கள் பெயருக்கு நேராக வந்தால் என்ன செய்வோம் என்று அன்று நிஜமாகவே கலங்கினேன். அந்த மனிதருக்கு இது தெரியவே தெரியாது, நாங்கள் பேசாமல் வேறு ஆள் பார்த்திருந்தால் காரணம் தெரியாமலே அவருக்கு வேலை போயிருக்கும்.

இது தனி அனுபவம் மட்டுமில்லை. 2012-இல் ஸ்போக்கியோ நிறுவனம், வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குத் தகவலை விற்றுவிட்டு அதற்கான சட்டத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்ற புகாரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 8 லட்சம் டாலர் கட்டியது. 2023-இல் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் இரண்டும் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. வெறும் போக்குவரத்து அபராதம் உள்ளவர்களுக்குக்கூடக் குற்றப் பதிவு இருப்பது போலக் காட்டி ஆசைகாட்டினார்கள் என்பது அந்தப் புகாரில் ஒன்று.

இதோடு சட்ட விஷயமும் உண்டு. வேலைக்கோ வாடகைக்கோ ஒருவரைச் சரிபார்க்க வெளி நிறுவனத்தை வைத்தால் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்து நிற்கும் (பெயரில் கடன் இருந்தாலும் இப்படி ஆளைச் சரிபார்க்கும் அறிக்கைகளுக்கும் அது பொருந்தும்). ஆள்தேடும் தளங்கள் இந்த வேலைக்குத் தங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தங்கள் விதிமுறையிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஆளின் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் முறையான பேக்கிரவுண்ட் செக் நிறுவனம் என்பது வேறு. வேலைக்கென்றால் ஆளிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அறிக்கையை வைத்து மறுப்பதாக இருந்தால் முதலில் அவருக்கு அதன் நகலைக் கொடுத்து, தவறென்றால் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைப்பவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வீடு வாடகைக்கு விடுபவர்களும் இந்த வழியில் போவதே நல்லது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் இல்லாத கவுண்டி என்றால் அந்த நிறுவனமும் ஆள் அனுப்பி அதே கிளார்க் மேஜையில்தான் நிற்கும். அதனால்தான் ஆல்பைன், மார்ஃபா போன்ற ஊர்களுக்கான அறிக்கை நகரத்து அறிக்கையை விடத் தாமதமாக வரும்.

எந்த வழியில் தேடினாலும் கிடைக்காதவை உண்டு. நீதிமன்ற உத்தரவால் அழிக்கப்பட்டதும் மறைக்கப்பட்டதும் வெளியே வராது, வரவும் கூடாது. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே நடந்தவை சிறார் வழக்கு, அவையும் பொதுவில் இல்லை. தோண்டித் துருவி அதையும் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று ஒரு தளம் சொன்னால் அதை மூடிவிடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? தேவையைப் பொறுத்தது. வீட்டோடு தங்கும் ஆளுக்கு நான் இப்போது வைத்திருக்கும் வரிசை: பாலியல் குற்றவாளிகள் பதிவேடு, டி.பி.எஸ்., பேசர், இந்த மூன்றும் ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்புறம் அவர் கடந்த ஏழெட்டு வருஷம் வாழ்ந்த ஒவ்வொரு கவுண்டியின் கிளார்க்குக்கும் கடிதம். வாடகைக்கு வருகிறவர் என்றால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்தை முன்னே கொண்டுவாருங்கள், ஏனென்றால் வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகள் அங்கேதான் நடக்கும். வாடகை கொடுப்பாரா மாட்டாரா என்பதற்குப் பழைய கஞ்சா வழக்கை விட அது நல்ல அடையாளம். பக்கத்து நிலத்துக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றால், டி.பி.எஸ். தேடல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் ஆளுக்கு இரண்டு கிளார்க் அலுவலகத்திலும், அவர் முன்பு இருந்த பக்கத்துக் கவுண்டியிலும் ஒன்றுமில்லை என்று எழுத்தில் வந்தது. மொத்தச் செலவு 20 டாலருக்குள், காத்திருந்தது இரண்டு வாரம். அந்தச் சிவப்பு எழுத்து விஷயத்தை நண்பர் அவரிடம் சொல்லி, நகலையும் கொடுத்துவிட்டார். அந்தத் தளத்துக்குத் திருத்தக் கோரிக்கை அனுப்ப அவருக்கு அது உதவும்.

கடைசியாக, அழைக்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பல கவுண்டி அலுவலகங்கள் மதியம் 12 முதல் 1 வரை சாத்திவிடும். ஹட்ஸ்பெத் கவுண்டிக்கு அழைப்பதென்றால் கடிகாரத்தையும் பாருங்கள். எல் பாசோவும் ஹட்ஸ்பெத்தும் மற்ற டெக்சஸை விட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கின்றன. ஹூஸ்டனில் காலை 8 மணிக்கு அழைத்தால் அங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள்.